கோட்டுக்கு மேலே ஒரு '1'

மேலவைகளின் வரலாறு – 12

நாலு வயதுக் குழந்தை எவ்வளவு உயரம் இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு அகலம்: 1.02 மீட்டர். 2013 செப்டம்பர் 7 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஓட்டுப் போட வந்தவர்கள் கையில் கொடுத்த செனட் வாக்குச்சீட்டின் அளவு அது. வெள்ளைத் தாள். அதில் 110 வேட்பாளர்கள். அதற்கு மேல் அகலமான தாளை அச்சிட வழியில்லை என்பதால் எழுத்தைச் சுருக்கியிருந்தார்கள். சுருக்கிய எழுத்தைப் படிக்க முடியாதவர்களுக்காகத் தேர்தல் ஆணையமே வாக்குச்சாவடிகளில் பிளாஸ்டிக் உருப்பெருக்கித் தகடுகளை வைத்திருந்தது. ஓட்டுப் போடும் அட்டைத் தடுப்புக்குள் தாளை ஒரேயடியாக விரிக்க இடமில்லை. இந்தப் பக்கத்தை மடித்தால்தான் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம்.

அந்தத் தாளின் குறுக்கே தடித்த கோடு ஒன்று ஓடியது. கோட்டுக்கு மேலே கட்சிகளின் பெயர். அங்கே ஒரே ஒரு கட்டத்தில் '1' என்று போட்டால் வேலை முடிந்தது. கோட்டுக்குக் கீழே வேட்பாளர்களின் பெயர். அந்த வழியில் போக விரும்பினால் 110 பேருக்கும் வரிசையாக எண் போட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் மேலேயே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாக்களிப்பது கட்டாயம் என்று 1924-லேயே சட்டம் போட்ட நாடு அது. வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தையோடு வந்தவர், ஆங்கிலம் தடுமாறும் முதியவர் எல்லோரும் அந்த வரிசையில்தான் நின்றாக வேண்டும்.

அந்த ஒற்றை '1'-க்குப் பிறகு வரவேண்டிய மீதி எண்களை எழுதியது யார் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டே இந்த அத்தியாயத்தைக் கடக்கப் போகிறோம்.

சென்ற இதழில் அமெரிக்காவைப் பார்த்தோம். மாநிலச் சட்டமன்றங்கள் கையில் இருந்த செனட்டர் தேர்வு, 1913-ல் பதினேழாவது திருத்தத்தின் மூலம் மக்கள் கைக்கு வந்த கதை அது. ஆஸ்திரேலியா அந்தப் படியிலிருந்தே தொடங்கியது. 1901-ல் நடைமுறைக்கு வந்த அதன் அரசியல் சட்டம், மாநிலத்துக்கு ஆறு செனட்டர்கள், மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, நேரடியாக மக்கள் ஓட்டு என்று முதல் நாளே எழுதிவைத்தது. மக்கள்தொகை எவ்வளவு இருந்தாலும் டாஸ்மேனியாவுக்கும் ஆறு, நியூ சவுத் வேல்ஸுக்கும் ஆறு. ஓட்டை எந்த முறையில் போடுவது, எப்படி எண்ணுவது என்பதை மட்டும் நாடாளுமன்றம் முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. நூறு ஆண்டுச் சண்டை அந்த இடத்தில்தான் முளைத்தது.

நியாயமான முறை எதுவென்று அப்போதே தெரிந்தவர்கள் இருந்தார்கள். லண்டன் வழக்கறிஞர் தாமஸ் ஹேர் வகுத்த விகிதாச்சார முறையை டாஸ்மேனியாவின் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ இங்கிலிஸ் கிளார்க் தன் ஊருக்கு ஏற்ப மாற்றி 1896-ல் சட்டமாக்கினார். அடுத்த ஆண்டே ஹோபார்ட்டிலும் லான்செஸ்டனிலும் அந்த முறையில் தேர்தல் நடந்தது. அடிலெய்டில் கேத்தரின் ஹெலன் ஸ்பென்ஸ் என்ற எழுத்தாளர் ஊர் ஊராகப் போய் இதையே பேசினார். கூட்டாட்சி அரசியல் சட்டத்தை எழுதும் மாநாட்டுக்கு 1897-ல் தேர்தல் நடந்தபோது அவரே வேட்பாளராக நின்றார். ஆஸ்திரேலியாவில் அரசியல் தேர்தலில் நின்ற முதல் பெண் அவர். தோற்றார். ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை.

1902-ல் பிரதமர் பார்ட்டனின் அரசு கொண்டுவந்த தேர்தல் மசோதாவில் செனட்டுக்கு விகிதாச்சார முறை இருந்தது. அதை வெட்டித் தள்ளியது செனட்டேதான். பதிலுக்கு வந்தது எளிமையான முறை: மூன்று இடம் காலி என்றால் மூன்று பேருக்கு ஓட்டு, அதிக ஓட்டு வாங்கிய மூவர் ஜெயித்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நூற்றுக்கு ஐம்பத்தொரு பேர் ஒரே கட்சியின் மூவருக்கும் போட்டால் அந்த மாநிலத்தின் மூன்று இடமும் அந்தக் கட்சிக்கே. மீதி நாற்பத்தொன்பது பேருக்கு எதுவும் இல்லை. 1919-ல் இந்த முறையைத் திருத்தி விருப்ப வரிசைப்படி எண் போடச் சொன்னார்கள். நோய் அதனால் குணமாகவில்லை. ஜெயித்தவர் மொத்தமாக அள்ளுவது அப்படியே தொடர்ந்தது.

விளைவை எண்களில் பாருங்கள். 1919 தேர்தலில் தொழிற்கட்சிக்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஓட்டு. ஆனால் புதிய செனட் கூடியபோது 36 பேரில் அந்தக் கட்சிக்காரர் ஒரே ஒருவர், ஆல்பர்ட் கார்டினர். 1920 முதல் இரண்டு ஆண்டுகள் எதிர்க்கட்சி என்றால் அவர் ஒருவர்தான். 1946-ல் சக்கரம் மறுபக்கம் சுற்றியது. அந்தத் தேர்தலுக்குப் பின் தொழிற்கட்சிக்கு 33 பேர், எதிரே மூன்றே பேர். மூவரும் குயின்ஸ்லாந்துக்காரர்கள். மற்ற ஐந்து மாநிலங்களில் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கானவர்களுக்காகப் பேச அந்த அவையில் ஆளே இல்லை.

நடுவில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் வாக்குச்சீட்டில் இடம் கிடைப்பது பெயரின் அகர வரிசையைப் பொறுத்தது. மேலிருந்து கீழே கண்ணை மூடிக்கொண்டு 1, 2, 3 என்று போட்டுவிட்டுப் போகும் ஓட்டுக்கு அந்த ஊரில் 'கழுதை ஓட்டு' என்றே பெயர். 1937-ல் நியூ சவுத் வேல்ஸ் தொழிற்கட்சி நான்கு இடங்களுக்கு நிறுத்திய வேட்பாளர்கள்: ஏமோர், ஆம்ஸ்ட்ராங், ஆர்தர், ஆஷ்லி. நான்கு பேரின் பெயரும் ஆங்கிலத்தில் 'ஏ' எழுத்தில் தொடங்கும். நால்வரும் ஜெயித்தார்கள். 1940-ல் சட்டத்தை மாற்றி, சீட்டில் எந்த அணிக்கு எந்த இடம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கத் தொடங்கினார்கள்.

பெரிய மாற்றம் 1948-ல் வந்தது. பிரதமர் பென் சிஃப்லி, அட்டர்னி ஜெனரல் ஹெர்பர்ட் எவாட். கீழவையின் இடங்களை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூட்டினார்கள். செனட் 36-லிருந்து 60 ஆனது. செனட்டுக்கு ஒற்றை மாற்று வாக்கு என்ற விகிதாச்சார முறை வந்தது. ஸ்பென்ஸ் 1910-லேயே இறந்துபோயிருந்தார். அவர் கேட்டது கிடைக்க அதற்குப் பின் 38 ஆண்டுகள் ஆயின.

இந்த முறை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. நம் மாநிலங்களவைத் தேர்தலும் இதே முறைதான். அங்கே மக்கள் போடுகிறார்கள், இங்கே எம்.எல்.ஏ.க்கள் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஆறு இடம் காலியானால் ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ. வேண்டும் என்று செய்தித்தாள்கள் கணக்குப் போடுமே, அது எப்படி வருகிறது? 234-ஐ ஏழால் வகுத்து ஒன்றைக் கூட்டுகிறார்கள். ஆஸ்திரேலிய மாநிலம் ஒன்றில் ஆறு இடத்துக்குத் தேர்தல் என்றாலும் அதே ஏழுதான்; மொத்த ஓட்டில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 14.3 சதவீதம், ஜெயிக்கத் தேவை. தேவைக்கு மேல் வாங்கியவரின் உபரி ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும். கடைசியில் நிற்பவரை நீக்கினால் அவருடைய ஓட்டுகளும் அடுத்த விருப்பத்துக்குப் போகும். எந்த ஓட்டும் குப்பைக்குப் போகக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

சிஃப்லி அரசுக்குச் சுயநலம் இருந்தது உண்மைதான். 1949-ல் தோல்வி வரப்போவதை உணர்ந்தவர்கள், செனட்டையாவது கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள் என்று அப்போதே பேச்சு. அப்படியே நடந்தது. 1949 டிசம்பரில் எதிர்க்கட்சித் தலைவர் மென்சீஸ் கீழவையை ஜெயித்தார். செனட்டில் தொழிற்கட்சிக்கு 34, அவர் அணிக்கு 26. ஆனாலும் நல்ல சட்டம் என்றே இதைச் சொல்வேன். பிறந்த காரணம் எதுவானாலும், அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் செனட்டை முழுசாக விழுங்கவில்லை. ஓட்டுக்கு ஏற்ற இடம் கிடைத்தது. சின்னக் கட்சிகளும் உள்ளே வந்தன.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு முள் இருந்தது. எல்லாப் பெயருக்கும் எண் போட்டால்தான் ஓட்டுச் செல்லும். இருபது பேர் நின்றால் பரவாயில்லை. 1974-ல் நியூ சவுத் வேல்ஸில் 73 பேர் நின்றார்கள். 1 முதல் 73 வரை ஒன்றையும் விடாமல், எதையும் இரண்டு தரம் எழுதாமல் போட வேண்டும். 38-ஐ இரண்டு கட்டத்தில் எழுதிவிட்டால் அந்த மனிதரின் ஓட்டே போச்சு. நாடு முழுவதும் பத்தில் ஒரு செனட் ஓட்டுக்கு மேல் செல்லாத ஓட்டாகத் தள்ளுபடியானது. கட்டாயப்படுத்திக் கூப்பிட்டு வரவழைத்துவிட்டு, கை தவறியதற்காக ஓட்டைத் தூக்கி எறிவது எந்த ஊர் நியாயம்?

இதைச் சரிசெய்யத்தான் பிரதமர் ஹாக்கின் அரசு 1983-ல் சட்டம் கொண்டுவந்தது. 1984 தேர்தலில் அந்தத் தடித்த கோடு முதல்முறையாக வாக்குச்சீட்டில் ஏறியது. ஒவ்வொரு கட்சியும் தேர்தலுக்கு முன்பே, எல்லா வேட்பாளருக்கும் எண் போட்ட ஒரு முழு வரிசையைத் தேர்தல் ஆணையத்திடம் பதிவு செய்யும். கோட்டுக்கு மேலே '1' போட்டவரின் ஓட்டு அந்த வரிசைப்படி நகரும். ஒரு கட்சி மூன்று வரிசைகள் வரை கொடுத்து ஓட்டைப் பங்கு போடவும் அனுமதி இருந்தது. வரிசைகளையெல்லாம் புத்தகமாகக் கட்டி வாக்குச்சாவடியில் வைத்திருப்பார்கள். வரிசையில் நிற்கும்போது அதை எடுத்துப் புரட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

செல்லாத செனட் ஓட்டு பாதிக்கு மேல் குறைந்தது. வேடிக்கையாகத் தோன்றினாலும் வருத்தமான பக்கவிளைவு ஒன்று இருந்தது: கீழவைக்கான பச்சைச் சீட்டிலும் பலர் '1' மட்டும் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்; அங்கே அது செல்லாது. செனட்டில் குறைந்தது கீழவையில் ஏறியது.

புதிய முறை யாருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது என்பது அந்த முதல் தேர்தலிலேயே தெரிந்துவிட்டது. மிட்நைட் ஆயில் இசைக்குழுவின் பாடகர் பீட்டர் காரெட், அணு ஆயுத ஒழிப்புக் கட்சி சார்பில் நியூ சவுத் வேல்ஸில் நின்றார். நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் ஓட்டு. ஆனால் தொழிற்கட்சி பதிவு செய்த வரிசையில் எதிரணியினர் அவருக்கு முன்னால் இருந்தார்கள். கோட்டுக்கு மேலே தொழிற்கட்சிக்கு '1' போட்ட ஆயிரமாயிரம் பேரில் எத்தனை பேர் காரெட்டை இரண்டாவதாக நினைத்திருப்பார்கள்? அதைக் கேட்க ஆளில்லை. அவர் தோற்றார்.

இருபது ஆண்டு கழித்து விக்டோரியாவில் இதன் மறுபக்கம் நடந்தது. 2004-ல் ஃபேமிலி ஃபர்ஸ்ட் கட்சியின் ஸ்டீவ் ஃபீல்டிங்குக்குக் கிடைத்த முதல் விருப்ப ஓட்டு இரண்டு சதவீதம்கூட இல்லை. பசுமைக் கட்சிக்கு அதைப் போல் நான்கு மடங்குக்கு மேல். தொழிற்கட்சியின் வரிசையில் ஃபீல்டிங் முன்னால் இருந்ததால் அவர் ஆறு ஆண்டுக்குச் செனட்டர். தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள், தாங்கள் மதவழிப் பழமைவாதக் கட்சி ஒன்றை அவைக்கு அனுப்பிய செய்தியை நாளிதழில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

பெரிய கட்சிகள் பேரம் பேசினால் உதிரிக் கட்சிகள் சும்மா இருக்குமா? நியூ சவுத் வேல்ஸ் மாநில மேலவைக்கு 1999-ல் நடந்த தேர்தல்தான் அவர்களுக்குப் பாடசாலை. 264 வேட்பாளர்கள்; மேசைவிரிப்பு என்றே ஊரார் பெயர் வைத்த வாக்குச்சீட்டு. மால்கம் ஜோன்ஸ் என்பவர் 0.2 சதவீத ஓட்டில் உறுப்பினர் ஆனார். அந்த மாநிலம் விழித்துக்கொண்டு தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. ஆனால் கூட்டாட்சி செனட் மாறவில்லை. கிளென் ட்ரூரி என்ற அரசியல் ஆலோசகர் உதிரிக் கட்சிகளை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். கொள்கை எதுவானாலும் சரி, ஒருவர் வரிசையில் மற்றவரை மேலே வைப்பது, பெரிய கட்சிகளைக் கீழே தள்ளுவது. யாராவது ஒருவருக்கு ஓட்டுகள் குவிந்து சேரும். சட்டத்துக்கு உட்பட்டதுதான், அவர் அதை மறைக்கவும் இல்லை.

2013-ல் அது பழுத்தது. விக்டோரியாவில் 97 பேர் நின்றார்கள். வாகன ஆர்வலர் கட்சியின் ரிக்கி மியூருக்கு விழுந்த முதல் விருப்ப ஓட்டு 0.51 சதவீதம். தேவை 14.3 சதவீதம். கட்சிக்குப் பின் கட்சியாக நீக்கப்பட, அவற்றின் ஓட்டுகள் வரிசை மாறி மாறி அவரிடம் வந்து சேர்ந்தன. பதவியில் இருந்த லிபரல் செனட்டர் ஹெலன் குரோகர் வெளியேறினார். மியூரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மரம் அறுக்கும் ஆலையில் உழைத்த ஒருவர் செனட்டில் உட்கார்வதில் எந்தத் தப்பும் இல்லை. அவரை அனுப்பியது தாங்கள்தான் என்று அந்த ஓட்டுக்காரர்களுக்கே தெரியாது என்பதுதான் தப்பு.

அதே தேர்தலில் மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 13 லட்சம் ஓட்டு. எண்ணிக்கையின் நடுவில் ஓர் இடத்தில், ஜெயிக்க வாய்ப்பே இல்லாத இரண்டு உதிரிக் கட்சிகளில் எதை முதலில் நீக்குவது என்ற கட்டம் வந்தது. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 14 ஓட்டு. யார் முதலில் போகிறாரோ அவருடைய பதிவு வரிசைப்படி மொத்த ஓட்டு மூட்டையும் திரும்பும். அந்தத் திருப்பத்தில் கடைசி இரண்டு இடங்களின் தலையெழுத்தும் மாறும். ஒருபக்கம் திரும்பினால் தொழிலதிபர் பால்மரின் கட்சியும் தொழிற்கட்சியும். மறுபக்கம் திரும்பினால் பசுமைக் கட்சியின் ஸ்காட் லட்லமும், 0.23 சதவீத ஓட்டு வாங்கிய விளையாட்டுக் கட்சியின் வெய்ன் டிராபுலிச்சும். முதல் எண்ணிக்கையில் முன்னவர்கள் ஜெயித்தார்கள். மறு எண்ணிக்கையில் வித்தியாசம் 12 ஓட்டாகி எதிர்ப்பக்கம் சாய்ந்தது, பின்னவர்கள் ஜெயித்தார்கள்.

அந்த மறு எண்ணிக்கையின்போதுதான் 1,370 வாக்குச்சீட்டுகள் காணாமல் போனது தெரிந்தது. கிடங்கு கிடங்காகத் தேடினார்கள். காவல்துறையின் முன்னாள் ஆணையர் மிக் கீல்ட்டி விசாரித்தார். கிடைக்கவே இல்லை. 12 ஓட்டில் முடிவு தொங்கும்போது 1,370 ஓட்டு இல்லையென்றால் முடிவு எப்படி நிற்கும்? 2014 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற நீதிபதி ஹெய்ன் அந்தத் தேர்தலையே செல்லாததாக்கினார். ஏப்ரல் 5 அன்று மாநிலம் முழுவதும் மறுபடி ஓட்டுப் போட்டது. தேர்தல் ஆணையர் அதற்குள் பதவி விலகியிருந்தார். சீட்டைத் தொலைத்தது நிர்வாகத்தின் தவறு. ஆனால் 14 ஓட்டு இரண்டு செனட்டர்களை மாற்றும்படி எண்ணிக்கையை நூலில் தொங்கவிட்டது பதிவு வரிசை முறையின் தவறு.

2014 மே மாதம், டோனி ஸ்மித் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழு கட்சி பேதமின்றி ஒரே குரலில் பதிவு வரிசையை ஒழிக்கச் சொன்னது. அதன்பின் இரண்டு ஆண்டு எதுவும் நடக்கவில்லை. 2016 பிப்ரவரியில் பிரதமர் டர்ன்புல்லின் அரசு மசோதாவைக் கொண்டுவந்தது; பசுமைக் கட்சியும் சுயேச்சை செனட்டர் நிக் செனஃபனும் ஆதரித்தார்கள். குழுவில் ஒப்புக்கொண்டிருந்த தொழிற்கட்சி இப்போது எதிர்த்தது. அந்தக் கட்சியின் கேரி கிரே மட்டும் தன் கட்சியின் நிலை தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். மார்ச் 17 காலையில் கூடிய செனட் இரவு முழுக்கத் தூங்காமல் பேசி, மறுநாள் பிற்பகலில்தான் மசோதாவை நிறைவேற்றியது.

சட்டம் சொன்னது இதுதான். பதிவு வரிசை ஒழிந்தது. கோட்டுக்கு மேலே குறைந்தது ஆறு கட்சிகளுக்கு வாக்காளரே 1 முதல் 6 வரை போடட்டும். கீழே போடுகிறவர் குறைந்தது 12 பேருக்குப் போடட்டும். பழக்கத்தில் யாராவது மேலே வெறும் '1' போட்டுவிட்டால் அதையும் தள்ளாமல் எண்ணுங்கள், ஆனால் அந்தக் கட்சியோடு அது நின்றுவிடும். 1974-ன் பாடம் மறக்கப்படவில்லை என்பதை அந்தக் கடைசி விதியில் பார்க்கிறேன்.

எதிர்த்தவர்களின் வாதத்திலும் சாரம் உண்டு. ஆறு கட்சிக்கு எண் போட்டவரின் ஆறு கட்சியும் நீக்கப்பட்டால் அந்த ஓட்டு அங்கேயே ஓய்ந்துபோகிறது. யாரையும் தேர்ந்தெடுக்காமல் முடிகிறது. எந்த ஓட்டும் வீணாகக் கூடாது என்ற பழைய அடிப்படைக்கு அது குறைதான். ஆனாலும் என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது. வாக்காளர் நிறுத்திய இடத்தில் நிற்கும் ஓட்டு அவருடைய ஓட்டு. அவர் கனவிலும் நினைக்காத ஒருவரிடம் போய்ச் சேர்ந்த ஓட்டு அவருடையதா?

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபேமிலி ஃபர்ஸ்ட் செனட்டர் பாப் டே உயர் நீதிமன்றம் போனார். அரசியல் சட்டம் 'ஒரு முறை' என்றல்லவா சொல்கிறது, கோட்டுக்கு மேலே ஒரு முறை கீழே ஒரு முறை என்று இரண்டு எப்படி என்பது அவர் வாதங்களில் ஒன்று. நீதிபதிகள் மே 13 அன்று ஒருமனதாகத் தள்ளுபடி செய்தார்கள். ஜூலை 2 அன்று இரு அவைகளும் முழுமையாகக் கலைக்கப்பட்ட நிலையில் புது முறையில் தேர்தல். வழக்கம்போல் பாதி இடங்களுக்கு இல்லாமல் மொத்த இடங்களுக்கும் தேர்தல் என்பதால் ஜெயிக்கத் தேவையான ஓட்டு ஏறக்குறைய பாதியானது. உதிரிக் கட்சிக்காரர்கள் அப்போது குறையவில்லை. மியூர் தோற்றார்.

சில மாநிலங்களின் மேலவைகளில் பழைய முறை அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தது. மேற்கு ஆஸ்திரேலிய மாநில மேலவைக்கு 2021-ல் நடந்த தேர்தலில், பகல் வெளிச்ச நேரக் கட்சி என்ற கட்சியின் வேட்பாளர் 98 ஓட்டு வாங்கி உறுப்பினர் ஆனார். 98 சதவீதம் இல்லை, 98 ஓட்டு. அந்த ஆண்டே அந்த மாநிலமும் சட்டத்தை மாற்றியது.

2016-ல் டாஸ்மேனியாவில் நடந்ததைச் சொல்லி இந்த இதழை முடிக்கிறேன். பதவியில் இருந்த தொழிற்கட்சி செனட்டர் லிசா சிங், ஃபிஜி இந்தியத் தந்தைக்குப் பிறந்தவர். கட்சி அவரைத் தன் பட்டியலில் ஆறாவது இடத்துக்குத் தள்ளியது. ஜெயிக்க வழியில்லாத இடம். ஆனால் டாஸ்மேனியர்கள் கிளார்க் விட்டுச்சென்ற முறையில் தங்கள் மாநிலத் தேர்தலில் ஆளாளுக்கு எண் போட்டுப் பழகியவர்கள். புதுச் சட்டத்தில் கோட்டுக்குக் கீழே 12 பேருக்குப் போட்டால் போதும் என்றானதும், நாலில் ஒருவருக்கு மேல் கட்சிக் கட்டங்களை விட்டுக் கீழே இறங்கினார்கள். லிசா சிங்கின் பெயருக்கு நேரே மட்டும் 20,000-க்கு மேற்பட்டோர் '1' என்று எழுதினார்கள். பட்டியலில் தனக்கு முன்னால் இருந்த சகாவைத் தாண்டி அவர் ஜெயித்தார்.

2019-ல் கட்சி அவரை நான்காவது இடத்தில் வைத்தது. அந்த முறை அவருக்கு ஓட்டுப் போதவில்லை.

(தொடரும்)